கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை: கொரோனாவும் சிறுநீரகமும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோருடைய கண்ணும் மேலே இருக்கும். தலைமாட்டுத் திரையில் ஆக்சிஜன் 88ஆ, 92ஆ என்பதுதான் 2020இல் உலகத்துக்கே கேள்வியாக இருந்தது. அதே கட்டிலின் கீழ்ச் சட்டத்தில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில், ஒரு சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருக்கும். மணிக்கொரு முறை செவிலியர் குனிந்து, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அட்டவணையில் எழுதுவார். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டராவது வந்தாக வேண்டும். இருமல் மருந்து மூடியால் அளந்தால் மூன்று மூடி. ஆறு மணி நேரம் தொடர்ந்து அந்த அளவுகூட வரவில்லை என்றால், அந்த உடம்பில் நுரையீரலோடு இன்னொன்றும் தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கொரோனாவை நாம் மூச்சு நோயாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது நியாயம்தான். ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை நுரையீரலுக்கு அடுத்தபடியாகச் சொன்ன உறுப்புகளில் முன்னால் நின்றது சிறுநீரகம்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு: “உப்பு கூடியிருக்கிறது.” பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவர் இப்படிச் சொன்னதும், வீட்டில் ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைப்பார்கள். இங்கே உப்பு என்பது சமையல் உப்பைக் குறிப்பதில்லை. யூரியா, கிரியேட்டினின் என்ற கழிவுகளையே அப்படிச் சொல்கிறோம். தசைகள் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் கிரியேட்டினினை வெளியிடுகின்றன. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வடிகால் அடைத்தால் தொட்டியில் மட்டம் ஏறுவதுபோல, சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஏழு நாட்களுக்குள் முன்பிருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலோ, சிறுநீர் மேலே சொன்னபடி குறைந்தாலோ, அதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று வரையறுத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயில் பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிகழும் நாள்பட்ட செயலிழப்பு வேறு. இது சில மணி நேரங்களில், சில நாட்களில் நிகழ்வது, பெரும்பாலும் மீளக்கூடியது.

கொரோனாவில் இது எத்தனை பேருக்கு வந்தது? இந்த எளிய கேள்விக்கு வந்த பதில்கள்தான் இந்தக் கதையில் முதல் புதிர். சீனாவில் 1,099 நோயாளிகளைப் பற்றி 2020 பிப்ரவரியில் வெளியான, உலகமே படித்த அறிக்கை சொன்ன எண் 0.5 சதவீதம். ஆயிரம் பேரில் ஐந்து பேர். சிறுநீரக மருத்துவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். வூகானில் 116 பேரைப் பார்த்த இன்னொரு குழு, இந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்குவதே இல்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. அடுத்து வூகானின் தோங்ஜி மருத்துவமனை 701 பேரைப் பார்த்தது: 5 சதவீதம். பிறகு நியூயார்க். அங்கே நார்த்வெல் மருத்துவமனைக் குழுமத்தில் 2020 மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் 5 வரை சேர்க்கப்பட்ட 5,449 பேரில் 1,993 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. 36.6 சதவீதம். அதே நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைகளில் 46 சதவீதம்.

ஒரே வைரஸ், சில வார இடைவெளி, எழுபது மடங்கு, தொண்ணூறு மடங்கு வேறுபாடு. வைரஸ் மாறிவிட்டதா என்று சிலர் கேட்டார்கள். பதில் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் இருந்தது. அந்த 1,099 பேரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், அறிக்கை எழுதப்பட்டபோது இன்னும் மருத்துவமனையில்தான் இருந்தார்கள். அவர்கள் கதை முடியவே இல்லை. செயற்கைச் சுவாசக் குழாய் தேவைப்பட்டவர்கள் 100க்கு இரண்டு மூன்று பேர்தான். நியூயார்க்கிலோ வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே உள்ளவர்கள், மூச்சு முட்டிய பிறகே மருத்துவமனை வாசலுக்கு வந்தார்கள். பாதி ஆட்டத்தில் எழுதிய ஸ்கோரை முழு ஆட்டத்தின் ஸ்கோராக எடுத்துக்கொண்டது நம் தவறு.

உண்மையில் தோங்ஜி அறிக்கையிலேயே ஒரு எச்சரிக்கை ஒளிந்திருந்தது. கிரியேட்டினின் கூடியவர்கள் குறைவாக இருந்தாலும், அங்கே சேர்ந்தவர்களில் 44 சதவீதத்தினரின் சிறுநீரில் புரதம் இருந்தது. கால்வாசிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தன. சிறுநீரகம் என்ற சல்லடையில் ஏற்கெனவே கிழிசல் விழுந்திருந்தது. அதை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை.

எண்ணுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெலிந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். தசை குறைவு என்பதால் அவருடைய இயல்பான கிரியேட்டினின் 0.6. மருத்துவமனையில் சேரும்போது 1.1. பரிசோதனைத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி ஏதும் இருக்காது. பல ஆய்வகங்களின் அச்சிட்ட வரம்புக்குள் அது அடங்கிவிடும். ஆனால் அவருக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வடிகட்டும் திறனில் பாதி போயிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க, நோய் வருவதற்கு முன் எடுத்த ஒரு பழைய ரிப்போர்ட் வேண்டும். பெரும்பாலானவர்களிடம் அது இல்லை. அதனால் ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் பழைய அளவை ஒவ்வொரு விதமாக ஊகித்தார்கள். ஊகம் மாறினால் சதவீதமும் மாறியது. கொரோனா காலத்துப் புள்ளிவிவரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இதை நான் மறப்பதில்லை.

சரி, மூச்சுக்குழலில் நுழைந்த கிருமி இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம் ஒளிந்திருக்கும் உறுப்பை எப்படிக் கெடுக்கிறது?

சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப உறிஞ்சி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் வெளியே விடுகின்றன. உறிஞ்சும் வேலையைச் செய்பவை நுண்குழல்களின் உட்சுவர்ச் செல்கள். ஓயாமல் எரிபொருள் கேட்கும் உழைப்பாளிகள் அவை. வினோதம் என்னவென்றால், சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு நல்ல நாளிலேயே ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கிறது. கடன் வாங்கிக் குடும்பம் நடத்துபவர் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் நின்றால் என்ன ஆகுமோ, ரத்த ஓட்டம் குறைந்தால் அந்தச் செல்களுக்கும் அதுவே ஆகிறது.

கொரோனா நோயாளியின் உடலில் அந்தச் சம்பளத்தில் பல பக்கமும் பிடித்தம் விழுந்தது. முதல் பிடித்தம் மிகச் சாதாரணமானது. ஒரு வாரம் காய்ச்சல், வியர்வை, சிலருக்கு வயிற்றுப்போக்கு, வாய் ருசி போனதால் சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நிலை. மருத்துவமனைக்கு வரும்போதே உடம்பு வற்றியிருக்கும். வழக்கமாக இப்படி வருபவருக்கு மருத்துவர் தயங்காமல் சலைன் ஏற்றுவார். இங்கே தயக்கம் வந்தது. வீங்கிய நுரையீரலில் நீர் மேலும் கோத்துவிடக் கூடாது என்பதற்காக, கடும் மூச்சுத் திணறலில் திரவத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கம். நுரையீரலை உலர்வாக வைத்தால் சிறுநீரகம் காயும். சிறுநீரகத்துக்கு ஊற்றினால் நுரையீரல் மூழ்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான கோட்டை, கவச உடைக்குள் வியர்த்தபடி, ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போட வேண்டியிருந்தது.

அடுத்தது வென்டிலேட்டர். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. உடம்பிலிருந்து ரத்தம் இதயத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும்போது நிலைமை தலைகீழாகிறது. மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இதயம் அனுப்பும் ரத்தமும் குறைகிறது. சிறுநீரகத்திலிருந்து வெளியேற வேண்டிய ரத்தமோ தேங்குகிறது. கொரோனாவில் நுரையீரல் விறைத்திருந்ததால் பலருக்கு அதிக அழுத்தம் தேவைப்பட்டது. நார்த்வெல் தரவில் இதன் தடம் தெளிவாகத் தெரிகிறது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, வென்டிலேட்டர் தேவைப்படாதவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். வென்டிலேட்டரில் இருந்து பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, குழாய் பொருத்திய நேரத்தை ஒட்டிய 24 மணி நேரத்துக்குள்ளேயே அது தொடங்கியது. டயாலிசிஸ் தேவைப்பட்ட 285 பேரில் 276 பேர் வென்டிலேட்டரில் இருந்தவர்கள். இயந்திரத்தின் மீது முழுப் பழியையும் போட்டுவிட முடியாது. குழாய் தேவைப்படும் அளவுக்கு உடம்பு சரிந்த அந்த நாளில்தான் ரத்த அழுத்தமும் சரிந்தது, ஆக்சிஜனும் சரிந்தது. இரண்டும் ஒரே சரிவின் இரு முகங்கள்.

இவற்றோடு நோய் எதிர்ப்பு அமைப்பின் அத்துமீறிய கொந்தளிப்பு, நுண் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைவது, பின்னால் வந்து சேரும் பாக்டீரியத் தொற்று, சிறுநீரகத்துக்கு ஆகாத சில ஆன்டிபயாடிக் மருந்துகள். உயிர் பிழைக்கக் கொடுத்தவையும் கணக்கில் சேர்ந்தன. உடல்வலிக்கு வீட்டிலேயே விழுங்கிய வலி மாத்திரைகளும் சேர்ந்தன. வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் இறுக்குகின்றன. வைட்டமின் சி-யை மிக அதிக அளவில் ஏற்றிக்கொண்ட சிலருக்கு, அது உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகக் குழல்களில் படிகமாகப் படிந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு குடித்தவர்கள் பயப்பட வேண்டாம். கிராம் கணக்கில் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறேன்.

வைரஸ் நேரடியாகச் சிறுநீரகத்துக்குள் புகுந்ததா என்பது தனி வழக்கு. சாட்சிகள் மாறி மாறிப் பேசினார்கள். சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற வாசல், சிறுநீரக நுண்குழல்களின் செல்களில் ஏராளம். வூகானில் இறந்த 26 பேரின் சிறுநீரகங்களை ஆராய்ந்தவர்கள், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கொரோனா வைரஸ் போன்ற துகள்களைக் கண்டதாகச் சொன்னார்கள். அதே சமயம் அந்த உடல்களில் பரவலாகத் தெரிந்தது நுண்குழல்களின் காயம்தான். பிறகு மறுப்பு வந்தது. செல்கள் தம் அன்றாட வேலைக்காகவே ஓரத்தில் முள்முள்ளாகத் தெரியும் சிறு பைகளைத் தயாரிக்கின்றன. அளவிலும் தோற்றத்திலும் அவை கொரோனா வைரஸை அப்படியே ஒத்திருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த காவலர், தெருவில் நடந்த உள்ளூர்க்காரரைத் திருடன் என்று பிடித்த கதைதான். ஹாம்பர்க்கில் பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் சிறுநீரகத் திசுவில் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தவர்களுக்கு வைரஸ் தட்டுப்படவில்லை. என் வாசிப்பில், வைரஸ் சிலருடைய சிறுநீரகத்தை எட்டியிருக்கிறது. ஆனால் பெரும்பாலானோரின் பாதிப்பை விளக்க அது தேவைப்படவில்லை. அதற்காக இதை எந்த நிமோனியாவுக்கும் வருகிற பாதிப்புதான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையில், அதே வாரங்களில் சேர்ந்து கொரோனா இல்லை என்று உறுதியானவர்களோடு ஒப்பிட்டபோது, கொரோனா நோயாளிகளிடம் பாதிப்பு தெளிவாகவே அதிகம்.

ஒரே ஒரு சிறு பிரிவினரின் கதை மட்டும் வேறு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரில் சிலரிடம் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் ஒரு வகை மாற்றம் உண்டு. ஆப்பிரிக்கத் தூக்க நோயிலிருந்து முன்னோர்களைக் காத்த மாற்றம் அது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதிகளாக அது வந்து சேர்ந்தவர்களுக்கு, கொரோனா லேசாக வந்தாலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சுருங்கி மடங்கிப்போவதும், சிறுநீரில் புரதம் கொட்டுவதும் நேர்ந்தது. எச்ஐவி தொற்றில் ஏற்கெனவே பார்த்த அதே சேதம்.

2020 ஏப்ரலில் நியூயார்க்குக்குத் திரும்புவோம். வென்டிலேட்டர் பற்றாக்குறை பற்றித் தினமும் பேட்டிகள் வந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருந்தவை டயாலிசிஸ் இயந்திரங்கள், அவற்றுக்கான திரவம், அவற்றை இயக்கத் தெரிந்த செவிலியர்கள். ரத்த அழுத்தம் நிலையில்லாத நோயாளிக்கு நான்கு மணி நேர டயாலிசிஸ் தாங்காது. நாள் முழுவதும் மெதுவாக ஓடும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தின் இதயம், வைக்கோல்போல மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள் கொண்ட ஒரு வடிகட்டி. நாள்கணக்கில் ஓட வேண்டிய வடிகட்டி, கொரோனா நோயாளியின் ரத்தம் உறைந்துகொண்டே இருந்ததால், சில மணி நேரத்திலேயே கறுத்து அடைத்துக்கொண்டது. அதை எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரத்தமும் போகும், கையிருப்பும் குறையும். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ஓர் இயந்திரத்தை ஒருவருக்குப் பகலிலும் இன்னொருவருக்கு இரவிலும் என்று பங்கிட்டார்கள். நகரின் பழைய அரசு மருத்துவமனையான பெல்வியூவில் வயிற்று வழி டயாலிசிஸை மீண்டும் கையில் எடுத்தார்கள்: கட்டிலருகிலேயே அறுவை மருத்துவர்கள் வயிற்றில் குழாய் பொருத்த, திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் எளிய முறை. பெரிய இயந்திரம் வேண்டாம், ரத்தம் வெளியே வர வேண்டாம், உறையும் தொல்லையும் இல்லை. வசதி குறைந்த நாடுகளில் இன்றும் கைகொடுக்கும் முறை, உலகின் பணக்கார நகரத்தில் உயிர் காத்தது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவியது. ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். அதற்கான முதன்மை மருந்து ஆம்போடெரிசின் பி. அதன் பழைய, மலிவான வடிவம் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கக்கூடியது. பொட்டாசியத்தையும் சிறுநீரில் இழக்கச் செய்யும். கொழுப்புறைக்குள் அடைத்த லிப்போசோமல் வடிவம் அந்த அளவு கெடுக்காது. மே மாதத்தில் அதற்குத்தான் நாடெங்கும் தட்டுப்பாடு. கிடைக்காத இடங்களில் பழைய மருந்தையே கொடுத்தார்கள்; ஏற்றும் முன் சலைன் கொடுத்து, தினமும் கிரியேட்டினின் பார்த்து, கூடினால் நிறுத்தி, குறைந்ததும் மீண்டும் தொடங்கி. கண்ணையும் மூளையையும் காக்க, சிறுநீரகத்தைப் பணயம் வைத்த வாரங்கள் அவை.

ரத்தக் கொதிப்பு மாத்திரை பற்றிய பீதியையும் இங்கே சொல்லிவிடலாம். டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை ஏசிஇ2 வாசல்களின் எண்ணிக்கையைக் கூட்டி வைரஸுக்கு வழிவிடும் என்று ஒரு கருத்து 2020இன் தொடக்கத்தில் பரவியது. பலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினார்கள். பிரேசிலில் 659 பேரிடம் நிறுத்தியும் தொடர்ந்தும் ஒப்பிட்டார்கள். வேறுபாடு இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து உடம்பு வற்றியிருக்கும்போது மருத்துவர் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்துவது வேறு விஷயம். ரெம்டெசிவிர் கதையும் இதுபோலத்தான். அந்த மருந்தைக் கரைக்கச் சேர்த்த பொருள் செயலிழந்த சிறுநீரகத்தில் தேங்குமே என்ற அச்சத்தில் சிறுநீரகம் கெட்ட நோயாளிகளுக்கு அது மறுக்கப்பட்டது. 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம் என்று அனுமதித்தது.

காலம் போகப்போகப் பாதிப்பு குறைந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2020 மார்ச்சில் 40 சதவீதமாக இருந்தது, ஜூலையில் 27 சதவீதம். ஸ்டீராய்டு வந்தது, அவசரப்பட்டு வென்டிலேட்டரில் போடும் பழக்கம் குறைந்தது, கூட்டம் தணிந்து, வற்றிய உடம்பைக் கவனிக்க மருத்துவர்களுக்கு நேரம் கிடைத்தது, பின்னர் தடுப்பூசி வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் மூச்சுத் திணறல் முற்றாமல் முன்கூட்டியே தடுத்த எல்லாமே சிறுநீரகத்துக்கும் உதவின.

பிழைத்தவர்கள்? மவுண்ட் சைனாயில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்படாதவர்களில் 8 சதவீதம். பாதிப்போடு வீடு திரும்பியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அன்றைக்கும் கிரியேட்டினின் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. நார்த்வெல்லில் டயாலிசிஸ் செய்து பிழைத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர், வீடு திரும்பும்போதும் டயாலிசிஸில்தான் இருந்தார். அமெரிக்கப் படைவீரர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, மருத்துவமனைக்கே போகாதவர்களிடமும் வடிகட்டும் திறன் எதிர்பார்த்ததைவிடச் சற்று வேகமாகக் குறைந்ததாகத் தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களிடம் அந்தச் சரிவு மிக அதிகம்.

மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் கிரியேட்டினினையும், சிறுநீரில் புரதத்தையும் பார்க்க வேண்டும் என்பது சிறுநீரக மருத்துவர்களின் விதி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நான்கு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் தொடையும் தோளும் கரைந்திருக்கும். தசை குறைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறையும். 1.0 என்று வரும் ரிப்போர்ட், நோய்க்கு முன் அவருக்கு இருந்த அதே 1.0 ஆக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் முழுதாகத் தேறாமலேயே எண் மட்டும் தேறியிருக்கலாம். வெறும் கிரியேட்டினின் எண்ணை வைத்து “உப்பு நார்மல்” என்று கோப்பை மூடாமல், சிறுநீரையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். 2021 மே மாதத்து டிஸ்சார்ஜ் தாள் இன்னும் பீரோவில் இருந்தால், அதில் இரண்டாம் பக்கத்தில், ஆக்சிஜன் அளவுகளுக்கெல்லாம் கீழே, அந்த எண் இருக்கும்.